ஏசிஎல் (முழங்காலுக்குள்ள இருக்கிற இணைப்பு நார்) ஆபரேஷன் ஆகி 7 மாசம், முழங்கால் கடைசி 5 டிகிரி நீள மாட்டேங்குது: பிசியோ, எலும்பு டாக்டர்கள் சொல்லுங்க

டெக்சாஸ், டாலஸ் பக்கம். மகனுக்கு 17 வயசு, பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிட்டு ஓடுற ஆட்டக்காரன்). ஒன்பதாவதுல பின்தொடைத் தசை, பத்தாவதுல கணுக்கால், ரெண்டும் ஆறிடுச்சு. போன அக்டோபர்ல ஓட்டத்துல சடார்னு திரும்புறப்போ, யாரும் இடிக்காமலே, இடது ஏசிஎல் முழுசா அறுந்துச்சு. நவம்பர் நடுவுல ஆபரேஷன். முழங்கால் சில்லுக்குக் கீழ இருக்கிற தசைநார்லருந்து எடுத்து, அறுந்த இடத்துல கிராஃப்ட்டா வெச்சாங்க. மெனிஸ்கஸுக்கு (மூட்டு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு) சேதம் இல்ல.

மல்லாந்து படுத்தா வலது முழங்கால் பின்பக்கம் மெத்தையில ஒட்டுது, இடதுல ரெண்டு விரல் நுழையுது. கடைசி இடத்துல ‘டொக்’குனு சத்தம், உள்ள முன்பக்கம் ஏதோ முட்டுற மாதிரி. ஓடின நாள்ல வீக்கம்.

இப்போ செய்யுற பயிற்சி: குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு 10 நிமிஷம், தினம் 4 தடவை. குப்புறப் படுத்து, கணுக்கால்ல 2 கிலோ கட்டித் தொங்கவிடுறது. சில்லைக் கையால நகர்த்துறது, முன்தொடைக்கு மின்தூண்டல். மூணு மாசமா அதே 5 டிகிரிதான். கால் முழுசா நீளாம முன்தொடைக்குப் பலம் சரியா ஏறாது. இப்போ வலது காலோட ஒப்பிட்டா 78 சதவீதம், களத்துக்குத் திரும்ப 90 வேணும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் எம்ஆர்ஐ எடுக்கல. சைக்ளோப்ஸ் கட்டியோன்னு (கிராஃப்ட்டுக்கு முன்னாடி வளர்ற தழும்புத் திசு) சந்தேகம். அதுன்னா பயிற்சியில கரையாது, ஆர்த்ரோஸ்கோப்புல (சின்னத் துளை வழியா கேமரா விட்டு) எடுக்கணும். ஆகஸ்ட்ல அணிப் பயிற்சி ஆரம்பம். கடைசி வருஷம், ஆனா முழங்கால்தான் முக்கியம்.

இப்பவே எம்ஆர்ஐ கேக்கணுமா, இன்னும் 6 வாரம் இதே பயிற்சியத் தொடரலாமா?