போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு 3.2: ஆர்.ஓ.வில் டிடிஎஸ் 250 வைத்தால் போதுமா?

பென்னாகரத்தான் (கேள்வி)

தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டம். போர்வெல் 420 அடி. குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிய ரிப்போர்ட் இது:

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) 640, மொத்தக் கடினத்தன்மை 140, காரத்தன்மை 390, நைட்ரேட் 38, ஃப்ளூரைடு 3.2. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். பிஹெச் 8.2. ஈ.கோலி (மலக்கழிவிலிருந்து வரும் கிருமி) இல்லை.

தண்ணீர் குடிக்க நன்றாகவே இருக்கிறது. கரிப்பு இல்லை, பாத்திரத்தில் வெள்ளை படிவதும் இல்லை. ஒகேனக்கல் தண்ணீர் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், 4 குடம் பிடிக்கலாம். வீட்டில் 5 பேர். ஒரு குழந்தைக்கு 5 வயது, அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு.

இப்போது காய்ச்சி, செம்புக் குடத்தில் ஊற்றி வைத்துக் குடிக்கிறோம். ஆர்.ஓ. கடைக்காரர் "டிடிஎஸ் 250-க்குக் கீழே போனால் அது செத்த தண்ணி, 250-ல் செட் பண்ணித் தர்றேன்" என்கிறார். அப்படிச் செய்தால் ஃப்ளூரைடு போய்விடுமா? ஆர்.ஓ. இல்லாமல் வேறு வழி இருக்கிறதா?

நீராய்வாளன்

குடிக்க நன்றாக இருக்கிறது என்பதுதான் இந்தத் தண்ணீரின் வில்லங்கமே. ஃப்ளூரைடுக்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. அதோடு தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் அது ஃப்ளூரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் கடினத்தன்மை வெறும் 140, காரத்தன்மை 390, பிஹெச் 8.2. சுண்ணாம்பு குறைவு, சோடா மாதிரிக் காரம் அதிகம். பாறையிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து, கரைந்தபடியே நிற்பதற்கு இதைவிடத் தோதான தண்ணீர் இல்லை. பாத்திரத்தில் வெள்ளை படியாததற்கும் இதே காரணம்தான். இன்னும் ஆழமாகப் போர் போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொட்டாதீர்கள். கருங்கல் பாறையில் ஆழம் போகப் போக ஃப்ளூரைடு கூடுவதுதான் பெரும்பாலும் நடப்பது.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்லும் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை. உங்களுடையது அதற்கும் இரண்டு மடங்குக்கு மேல். நைட்ரேட் வரம்பு 45, அதில் தளர்வே கிடையாது. 38 என்பது ஓரத்தில் நிற்கிறது. பக்கத்தில் செப்டிக் டேங்கோ சாணிக்குழியோ இருந்தால் மழைக்குப் பிறகு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

காய்ச்சுவதை இந்தத் தண்ணீருக்கு நிறுத்துங்கள். நீர்தான் ஆவியாகும், ஃப்ளூரைடு ஆகாது. 10 லிட்டர் வற்றி 9 லிட்டர் ஆனால் 3.2 என்பது 3.56 ஆகிவிடும். செம்புக் குடம் கிருமியைக் கொல்லும், ஃப்ளூரைடை ஒன்றும் செய்யாது. கேண்டில் ஃபில்டர், யு.வி. இரண்டும் அப்படியே. முருங்கை விதை கலங்கலைத் தெளிய வைக்கும், அதோடு சரி.

ஆர்.ஓ. மெக்கானிக்

250 சமாச்சாரத்துக்கு வருகிறேன். மெம்பிரேன் (ஆர்.ஓ. மெஷினில் உப்பைப் பிரிக்கும் சவ்வு) 640-ஐ நேராக 250 ஆக்காது. நல்ல மெம்பிரேன் 50, 60 வரை இறக்கிவிடும். அப்புறம் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகு வழியாக, மெம்பிரேனுக்குள் போகாத போர்வெல் தண்ணீரையே அதில் கலந்து 250 காட்ட வைக்கிறோம். கணக்குப் போடுங்க:

மெம்பிரேனிலிருந்து வருவது டிடிஎஸ் 60, ஃப்ளூரைடு 0.32 (90% கழிவதாக வைத்து). இதை 250-க்கு ஏற்ற மூன்றில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டும். அந்தப் பங்கோடு வரும் ஃப்ளூரைடையும் சேர்த்தால் டம்ளரில் சுமார் 1.26. காசு கொடுத்து மெஷின் வாங்கி, 1.0 வரம்பைத் தாண்டிய தண்ணீரையே குடிப்பீங்க. டிடிஎஸ் மீட்டர் ஃப்ளூரைடைக் காட்டாது என்பதால் இது தெரியவும் தெரியாது.

கன்ட்ரோலரை முழுசா மூடச் சொல்லுங்க. "செத்த தண்ணி"க்கு ஆதாரமில்லை. தரநிலையில் டிடிஎஸ்-க்கு மேல் வரம்புதான் உண்டு, கீழ் வரம்பு கிடையாது. ருசி சப்பென்று இருந்தால் மினரல் கார்ட்ரிட்ஜ் போடலாம், அது பச்சைத் தண்ணீரைக் கலக்காது.

மெம்பிரேன் உழைக்கிறதா என்று பார்க்க: கன்ட்ரோலர் மூடிய நிலையில் உள்ளே போகும் டிடிஎஸ், வெளியே வரும் டிடிஎஸ் இரண்டையும் மாதம் ஒருமுறை எழுதி வைங்க. 640-க்கு 60 வந்தது 130-ஐத் தாண்டினால் (அதாவது 80%-க்குக் கீழே கழிந்தால்) மெம்பிரேனை மாத்திடுங்க. கழிவுக் குழாயில் தண்ணீர் வருவதை நிறுத்தி "மிச்சப்படுத்தித் தர்றேன்" என்று யாரும் கை வைக்க விடாதீங்க, உப்பு அடைத்து மெம்பிரேன் சீக்கிரம் போயிடும். ஒரு பங்கு நல்ல தண்ணிக்கு மூணு பங்கு கழிவு என்றால், அந்தக் கழிவில் ஃப்ளூரைடு 4-ஐத் தாண்டும். கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் சரி. மாட்டுத் தொட்டியில் ஊத்தாதீங்க.

காவிரிக்கரை

மெஷின் வாங்குவதற்கு முன்னால் குடத்தை எண்ணிப் பாருங்கள். 15 லிட்டர் குடம் நான்கு என்றால் 60 லிட்டர், அதாவது நாளுக்கு 30. ஐந்து பேருக்குக் குடிக்க 12 முதல் 15 லிட்டர், சமையலுக்கு 10. ஒகேனக்கல் தண்ணீரே போதும்! 2013-ல் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு இருக்கிறது. அதைத் துணி துவைக்கவும், போர்வெல்லைக் குடிக்கவும் வைத்துக்கொள்வது தலைகீழ்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மேல்நிலைத் தொட்டியில் காவிரி நீரோடு உள்ளூர் போர்வெல்லையும் ஏற்றிக் கலக்கும் இடங்கள் உண்டு. அதனால் தெருக்குழாய்த் தண்ணீரையும் ஃப்ளூரைடுக்குக் கொடுத்துப் பாருங்கள். 1.0-க்குக் கீழே வந்தால் ஆர்.ஓ. தேவையே இல்லை.

சமையலை மறக்காதீர்கள். களி கிண்ட ஊற்றும் தண்ணீர், பருப்பு வேகும் தண்ணீர், வடிக்காத சோறு எல்லாம் முழுக்க வயிற்றுக்குள்தான் போகிறது. குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் வைத்தால் பாதிதான் தப்பிக்கலாம். குளிக்க, துவைக்க போர்வெல் போதும். தோல் வழியாக இது ஏறுவதில்லை.

பென்னாகரத்தான்

இந்தக் குடக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, நன்றிங்க. ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் ஒருவர் சிபாரிசு செய்தார், அது எப்படி? அம்மாவின் முழங்கால் வலி இதனால்தானா?

நீராய்வாளன்

அலுமினா நல்ல ஊடகம்தான், ஆனால் பிஹெச் 6 பக்கத்தில்தான் நன்றாக வேலை செய்யும். உங்கள் 8.2-க்கும் 390 காரத்தன்மைக்கும் கிலோவுக்கு 1 கிராம் ஃப்ளூரைடு பிடிக்கும் என்று குறைத்தே போடுங்கள். 3 கிலோ ஃபில்டர் 3 கிராம் பிடிக்கும், லிட்டருக்கு 2.5 மி.கி. எடுத்தால் 1,200 லிட்டர். நாளுக்கு 20 லிட்டர் என்றால் 60 நாள். அதற்குப் பிறகும் தண்ணீர் தெளிவாக, அதே வேகத்தில் வரும். ஃப்ளூரைடும் சேர்ந்து வரும். புதுப்பிக்கக் காஸ்டிக் சோடா, அப்புறம் நீர்த்த அமிலம் என்று இரண்டு சுற்று கழுவ வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

பல்மருத்துவம் படித்தவள்

முதலில் குழந்தை. முன்பற்கள், கடைவாய்ப் பற்களின் எனாமல் ஏறக்குறைய 8 வயது வரை உருவாகிக்கொண்டிருக்கும். கறை விழுவது அந்தக் காலத்தில்தான். விழுந்தபின் தண்ணீரை மாற்றினாலும் மறையாது. 5 வயது என்றால் இப்போதே மாற்றுவதில் பலன் உண்டு. பற்பசை பட்டாணி அளவு மட்டும், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். கட்டன் சாயா (பால் இல்லாத டீ), கறுப்பு உப்பு இரண்டிலும் ஃப்ளூரைடு உண்டு. பால், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் நல்லது. சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே ஃப்ளூரைடில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கும்.

அம்மாவுக்கு: 62 வயதில் முழங்கால் வலிக்குத் தேய்மானமே பெரும்பாலும் காரணம், தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதுகும் கழுத்தும் விறைத்து, குனிய நிமிரக் கஷ்டம் என்றால் சந்தேகப்படலாம். அரசு மருத்துவமனையில் ஊர்ப்பெயரையும் 3.2 என்ற எண்ணையும் சொல்லி, முன்கை எக்ஸ்-ரேயும் சிறுநீரில் ஃப்ளூரைடு பரிசோதனையும் செய்யலாமா என்று கேளுங்கள். கிரியேட்டினினும் பார்க்கட்டும், ஃப்ளூரைடை வெளியேற்றுவது சிறுநீரகம்தான், அது பழுதாக இருந்தால் உடம்பில் தங்குவது கூடும்.

காவிரிக்கரை

தெருக்குழாய் மாதிரி எடுக்கும் முறை: கண்ணாடி வேண்டாம், 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். தண்ணீர் வந்து ஐந்து நிமிடம் ஓடியபின், அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். ஒரே நாள் போதாது. கலக்கும் விகிதம் கோடையில் மாறும், அதனால் ஏப்ரல், மே மாதத்தில் இன்னொரு மாதிரி. இரண்டு நாள் குடத்தில் நிற்கும் தண்ணீருக்குத்தான் கிருமி பயம், அதைக் காய்ச்சிக் குடியுங்கள். ஃப்ளூரைடு குறைந்த தண்ணீரில் காய்ச்சுவதால் ஒன்றும் கெடாது.