காலி செய்யும்போது பெயிண்ட் பிடித்தம்: முழு வீட்டுக்கா, கெட்ட சுவருக்கு மட்டுமா?

குடியிருப்பவர்:
மூன்று வருடம் குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்கிறார். ஒரு அறைச் சுவரில் கிரேயான் கிறுக்கல். அதைக் காட்டி முழு வீட்டுக்கும் பெயிண்ட் செலவை முன்பணத்தில் கழிப்பது அநியாயம். வெயிலில் நிறம் மங்குவதும், சுவிட்சைச் சுற்றிக் கை பட்டுக் கறுப்பதும் ஆள் இருந்தால் நடக்கிறவைதான். அதற்கும் சேர்த்துத்தான் வாடகை.

வீட்டுக்காரர்:
மங்கலுக்கு யாரும் காசு கேட்கவில்லை. கிரேயான் மெழுகு. அதன்மேல் நேரே எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) அடித்தால் ஒட்டாது, கறை மேலே கசியும். தேய்த்து எடுத்து, கறை தடுக்கும் பிரைமர் போட்டு, பிறகு இரண்டு கோட். அதையும் அந்த இடத்தில் மட்டும் அடித்தால் ஒட்டுப் போட்டது போலத் தெரியும். அதனால்தான் முழுசாக அடிக்க வேண்டியிருக்கிறது.

பெயிண்டர்:
ஒட்டுத் தெரியும் என்பது சரி. பழைய டப்பாவில் மிச்சமிருந்த அதே நிறமும் மங்கிய சுவரோடு சேராது. பளபளப்பு கூடக் கூட வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் அதற்காக முழு வீடும் வேண்டாம். மூலையிலிருந்து மூலைவரை அந்த ஒரு சுவரை அடித்தால் போதும். மூலையில் வெளிச்சம் மாறுவதால் கண் பிரித்துப் பார்க்காது.

அளவு சொல்கிறேன். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம்: நான்கு சுவர் 440 சதுர அடி. கதவு ஜன்னல் போக ஏறத்தாழ 400. பட்டி (சுவரைச் சமன்செய்யப் பூசும் மாவு) பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி. அறைக்கு 7, 8 லிட்டர் ஆகும். 12 அடிச் சுவர் ஒன்றுக்கு இரண்டரை லிட்டர் தாராளம். பில்லில் சதுர அடியும் லிட்டரும் இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

குடியிருப்பவர்:
அந்த ஒரு சுவருக்கும் முழுத் தொகை ஏன்? பெயிண்டின் ஆயுள் 5 வருடம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு, குடிவரும்போது புதிதாக அடித்திருந்தால், மிச்சம் 2 வருடம். ஐந்தில் இரண்டு பங்குதான் கழிக்கலாம், கூலியும் சேர்த்து. குடிவரும்போதே பெயிண்டுக்கு 5 வருடம் ஆகியிருந்தால் கழிக்க ஒன்றுமே இல்லை.

வீட்டுக்காரர்:
பெயிண்டுக்கு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். சிமென்ட் பூச்சுக்கு ஒப்ப மாட்டேன். டிவி மாட்டத் திருகுக்காகச் சுவரில் பதித்த பிளாஸ்டிக் பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினால் பட்டியும் பூச்சும் சேர்ந்து பெயர்கிறது. பூச்சின் ஆயுள் ஐந்து வருடமா?

பெயிண்டர்:
இதில் வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. திருகை பிளக்கில் பாதி ஏற்றி, இடுக்கியால் நேராக இழுத்தால் பிளக் வந்துவிடும், சேதம் அந்த ஓட்டையோடு நிற்கும். வராவிட்டால் சுவர் மட்டத்துக்குக் கீழே தட்டிவிட்டு, பட்டியை இரண்டு தடவையாக மெலிதாக அடையுங்கள். ஒரே தடவையில் அடைத்தால் காய்ந்து குழிவிழும். 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்தில் பிரைமர் வையுங்கள். பிரைமரை விட்டால் பட்டி பெயிண்டைக் குடித்து, வட்டம் வட்டமாக மங்கித் தெரியும். பாதிச் சண்டை இந்த வட்டங்களால்தான் வருகிறது.

வீட்டுக்காரர்:
ஜன்னலைத் திறக்காமல் குளியலறைச் சுவர் உப்பிப் போனால்? அதுவும் "ஆள் இருந்தால் நடக்கிறது" தானா?

குடியிருப்பவர்:
குழாய் கசிந்திருந்தால் அது உங்கள் செலவு. ஜன்னல் காரணம் என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

பெயிண்டர்:
சுவரின் மேற்பரப்பைக் காயவைத்து, ஓரடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்து இருவரும் சேர்ந்து பாருங்கள். தாளின் அறைப் பக்கம் நீர் கோத்திருந்தால் காற்றின் ஈரம். அங்கே காற்றோட்டத்தைப் பற்றிப் பேசலாம், எக்ஸாஸ்ட் விசிறி இருந்ததா என்பதும் அதில் சேர்த்தி. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. குடியிருந்தவரிடம் கேட்க முடியாது. கசிவை அடைத்துச் சுவர் காயும்வரை யார் காசிலும் பெயிண்ட் அடிக்காதீர்கள், மறுபடி கொப்பளம் விட்டு உரியும்.