லங்கர் முதல் ஸ்கோப்பிங் வரை: பாஸ் மீன் பிடிக்கிறவர்களின் பேச்சு எப்படி மாறியது? நீங்கள் கேட்டதைச் சொல்லுங்கள்

டாலஸ், டெக்சஸ் (பதிவைத் தொடங்கியவர்)

லேக் ஃபோர்க் ஏரிப் படகுத்துறையில் அரை மணி நேரம் நின்றால் போதும். பேச்சை வைத்தே யார் எந்தக் காலத்தில் தூண்டிலைக் கையில் எடுத்தவர் என்று சொல்லிவிடலாம். போன வசந்தத்தில் எங்களைக் கூட்டிப்போன கைடு எழுபதைத் தாண்டியவர். பெரிய லார்ஜ்மவுத் (பாஸில் ஒரு வகை) மாட்டினால் அவருக்கு அது ‘ஹாக்’. குஷி கூடினால் ‘லங்கர்’. உதவிக்கு வந்த பேரனுக்கு அதே மீன் ‘டிடி’. டபுள் டிஜிட், அதாவது பத்து பவுண்டும் அதற்கு மேலும். பதின்மூன்றைத் தொட்டால் ‘டீனர்’. தாத்தா இரண்டு கையையும் விரித்து அளவு காட்டுவார். பேரன் தசமப் புள்ளி இல்லாமல் பேசவே மாட்டான்.

‘லங்கர்’ என்ற சொல்லின் எடை எங்கள் மாநிலத்தில் குறைந்தே போய்விட்டது. 1986 நவம்பரில் இதே ஃபோர்க்கில் மார்க் ஸ்டீவன்சன் என்ற கைடு 17.67 பவுண்டு மீன் ஒன்றைப் பிடித்தார். பெரிய பாஸை இனப்பெருக்கத்துக்கு வாங்கிக்கொள்ளும் டெக்சஸ் அரசின் ஷேர்லங்கர் திட்டத்தில் சேர்ந்த முதல் மீன் அதுதான். ‘எத்தல்’ என்று பெயர் வைத்து, மிசௌரியில் பாஸ் ப்ரோ என்ற தூண்டில் சாமான் கடையின் தொட்டியில் ஜனங்கள் பார்க்க விட்டிருந்தார்கள். அந்தத் திட்டத்தில் ரொம்ப காலம் லங்கர் என்றால் 13 பவுண்டு. 2018-ல் விரிவாக்கியபோது 8 பவுண்டு இருந்தாலே ‘லங்கர் கிளாஸ்’ என்றாகிவிட்டது. 10-க்கு மேல் ‘எலைட்’, 13-க்கு மேல் ‘லெஜண்ட்’. கைடு தாத்தாவிடம் இதைச் சொன்னேன். எட்டு பவுண்டுக்கு யாராவது அந்தப் பேரை வைப்பார்களா என்று கோபப்பட்டார்.

ஃபோர்க்குக்கே உரிய பேச்சும் உண்டு. 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை அங்கே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, திரும்ப விட்டாக வேண்டும். அதுதான் ‘ஸ்லாட்’. 24-ஐ எட்டிவிட்டால் ‘ஓவர்’. நம்மாள் ஒருவர் முதல் தடவை வந்திருந்தபோது பக்கத்துப் படகிலிருந்து “எனி ஓவர்ஸ்?” என்று குரல் வந்தது. அவர் என் பக்கம் திரும்பி, “இங்கயும் கிரிக்கெட் ஆடுறாங்களா சார்?” என்றார்.

உங்கள் ஏரிகளில் என்ன பேசுகிறார்கள்?

அட்லாண்டா, ஜார்ஜியா

அண்ணே, எங்க பக்கம் லேக் லேனியர். அங்க ஸ்பாட்டட் பாஸ்தான் ராஜா, சுருக்கமா ‘ஸ்பாட்’. என்னைப் படகுல ஏத்திக்கிட்டுப் போற பக்கத்து வீட்டுப் பெரியவர் எந்தப் பொய் இரையை எடுத்தாலும் ‘ப்ளக்’னுதான் சொல்வார். மரத்துல செதுக்குன காலத்து வார்த்தை. இப்ப கடையில யாருக்கும் அது புரியாது. எல்லாம் கிராங்க்பெய்ட், ஜெர்க்பெய்ட், க்ளைட்பெய்ட்னு தனித்தனிக் கூண்டு.

ஒரு நாள் அவரோட கடைக்குப் போனேன். “ஸ்டிக்பெய்ட் எங்கப்பா இருக்கு?”னு கேட்டார். கல்லாவுல இருந்த பையன் ஓடிப்போய் ஒரு பாக்கெட் ரப்பர் புழு எடுத்துட்டு வந்தான். யமமோட்டோ சென்கோ மாதிரி நீளமா, குச்சியா இருக்குமே, அது. பெரியவர் முகத்தைப் பார்க்கணுமே! அவர் கேட்டது ஜாரா ஸ்பூக். தண்ணி மேல இடமும் வலமுமா தலையாட்டிக்கிட்டு வர்ற சமாச்சாரம். அவர் இளமையில ஸ்டிக்பெய்ட்னா அதுதான். சென்கோ வந்து, அதைப் பார்த்து ஆளாளுக்குப் புழு ஊத்த ஆரம்பிச்சதும் அந்தப் பேர் அப்படியே புழுவுக்கு மாறிடுச்சு. பையன் மேலயும் தப்பில்ல, பெரியவர் மேலயும் தப்பில்ல. கடைசியில அவர் ரெண்டையும் வாங்கிட்டார். அதுதான் கடைக்காரன் சாமர்த்தியம்.

அதே பெரியவர் சொன்ன இன்னொண்ணு. டென்னசியில ஃப்ரெட் யங்னு ஒருத்தர் பால்சா மரத்துல கையால செதுக்குன ‘பிக் ஓ’ அறுபதுகளின் கடைசியில பேர் வாங்குச்சு. கிடைக்கிறது அவ்வளவு கஷ்டம், போட்டிக்கு வர்றவங்க அதை நாள் வாடகைக்கு எடுப்பாங்களாம். அப்புறம் காட்டன் கார்டெல் பிளாஸ்டிக்குல அச்சடிச்சு விட்டார். பின்னாடியே போட்டிக் கம்பெனிங்க பிக் என், பால்சா பி, மாடல் ஏன்னு இறக்க, எல்லாத்துக்கும் சேர்த்து ‘ஆல்ஃபபெட் ப்ளக்’னு பேர். இன்னைக்கு அதே குண்டு உடம்பு, அதே சதுர மூக்கு, ஆனா பேர் ‘ஸ்கொயர்பில்’. ஆல்ஃபபெட்னு இப்பக் கேட்டா எலிமெண்டரி ஸ்கூலுக்கு வழி சொல்வாங்க.

டாலஸ்

அதைத்தான் நானும் சொல்கிறேன். பாதிப் பேர்கள் பழைய சரக்குக்கு ஒட்டிய புது லேபிள்.

ஸ்டாக்டன், கலிஃபோர்னியா

எல்லாவற்றையும் லேபிள் என்று தள்ளிவிடாதீர்கள் சார். எங்கள் டெல்டா பக்கத்துக் கதை வேறு.

இங்கே கரையெல்லாம் டூலி. நம்மூர்க் கோரை இனம்தான், ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். எழுபதுகளுக்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் பன்னிரண்டு அடிக்கு மேல் நீளமான கோலில் கொஞ்சம் நூலைக் கட்டி, கோரை இடுக்குகளில் ஜிக்கை (ஈயத் தலை வைத்த முள்ளை) மெதுவாக இறக்கி எடுப்பார்கள். அதற்கு ‘டூலி டிப்பிங்’ என்று பெயர். தென் மாநிலங்களில் அதற்கும் முன்னால் ஏறக்குறைய இதே வேலையை ‘டூடுல்சாக்கிங்’, ‘ஜிகர் போலிங்’ என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். டீ தாமஸ் என்ற எங்கள் கலிஃபோர்னியா ஆள் இதில் மற்றவர்களைத் துடைத்தெடுத்தார். உடனே நீளக் கோல் நியாயமில்லை என்று எதிர்ப்பு. கோலை ஏழரை அடிக்குக் குறைத்தார். கோல் குட்டையானதும் டிப் பண்ணுவது சரிப்படவில்லை. ஒரு கையில் நூலை இழுத்துப் பிடித்து, ஊஞ்சல் மாதிரி வீசி, சத்தமில்லாமல் இறக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்ததுதான் ‘ஃப்ளிப்பிங்’. 1975-ல் அதை ஆர்கன்சா புல் ஷோல்ஸ் ஏரிக்குக் கொண்டுபோய் பாஸ்மாஸ்டர் போட்டியில் ஜெயித்தார். அதன் பிறகு ஃபென்விக் கம்பெனி ‘ஃப்ளிப்பின் ஸ்டிக்’ என்று கோலே விற்றது. பெயர் மாறியதற்குக் காரணம் கோலின் நீளம். கடைக்காரன் அப்புறம்தான் வந்தான்.

கொஞ்சம் தூரத்திலிருந்து தாழ்வாக வீசினால் ‘பிட்ச்சிங்’. இப்போது எங்கள் பிரச்சினை ஆகாயத்தாமரை. ஆமாம், வீராணத்தில் பார்க்கிற அதேதான். அந்தப் பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே போக ஒன்றரை அவுன்ஸ், இரண்டு அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு கட்டுகிறோம். அதற்கு ‘பஞ்ச்சிங்’. போன கோடையில் ஊரிலிருந்து வந்த என் மாமனார் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, “விராலுக்குத் தவளையைப் போட்டு மேலேயே இழுப்பமே, அது இங்க எடுபடாதா மாப்பிள்ளை?” என்றார். எடுபடும். ரப்பர்த் தவளையை இங்கேயும் அதே பாசி மேல் இழுக்கிறார்கள். அந்த வித்தைக்கு மட்டும் இன்னும் யாரும் பெயரை மாற்றவில்லை, ‘ஃப்ராகிங்’தான்.

பேட்டன் ரூஜ், லூசியானா

சின்னதா ஒன்று. அட்சஃபலாயா சதுப்புப் பக்கம் வயதான கேஜன் (பிரெஞ்சு வழி வந்த) ஆட்களிடம் லார்ஜ்மவுத் பாஸ் என்று கேட்டுப் பாருங்கள். ‘கிரீன் ட்ரௌட்’ என்பார்கள். ட்ரௌட் இனத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் மகன்கள் பாஸ் என்கிறார்கள். டிவியும் டோர்னமெண்டும் செய்த வேலை. ஆனால் கிராப்பி என்ற மீன் மட்டும் எல்லா வயசுக்காரருக்கும் இன்னும் ‘சக்கலே’தான். அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

டொராண்டோ, கனடா

நான் இருக்கிறது ஸ்காபரோவில. நாங்கள் போறது சிம்கோ ஏரிக்கு. அங்க ஸ்மால்மவுத் எண்ட பாஸுக்குத்தான் மவுசு. எனக்குத் தூண்டில் பழக்கின வெள்ளைக்கார மனுசன் அதை ‘ப்ரான்ஸ்பேக்’ எண்டுதான் சொல்லுவார். பிறகு எல்லாருக்கும் ‘ஸ்மாலி’. இப்ப வாற பெடியள் ‘ப்ரவுன் ஃபிஷ்’, லார்ஜ்மவுத் எண்டால் ‘கிரீன் ஃபிஷ்’ எண்டு நிறத்தோட கதையை முடிச்சிடுறாங்கள்.

எங்கட பக்கம் பேச்சை மாத்தினது இரண்டு வரவு. ஒண்டு கோபி மீன். 1990-ல செயின்ட் கிளேர் ஆத்தில கண்டுபிடிச்ச வெளியூர்ச் சின்ன மீன், கப்பல் தண்ணியோட வந்தது. ஸ்மாலி அதைத் தின்டு கொழுத்திட்டுது. அதால கடையில இருக்கிற பாதி ரப்பர் இரைக்குக் கோபி எண்ட பேர் வந்திட்டுது. மற்றது டிராப் ஷாட். முள்ளு மேல, ஈயம் அடியில. தொண்ணூறுகளின் கடைசியில ஜப்பானில இருந்து கலிஃபோர்னியா வழியா வந்தது. ஜப்பான்காரன் ‘டவுன் ஷாட்’ எண்டு சொல்லுறான். நெக்கோ ரிக், மிட்-ஸ்ட்ரோலிங் எண்ட பிடிக்கிற முறையள் எல்லாம் அங்கயிருந்து வந்த சாமான்தான். முந்தி அமெரிக்கன் சொல்லை ஜப்பான்காரன் எடுத்தான், இப்ப மற்றப்பக்கம் ஓடுது.

மெஷின் கதையையும் சொல்லவேணும். லோரன்ஸ் கம்பெனி ஐம்பதுகளின் கடைசியில விட்ட சின்னப் பச்சைப் பெட்டி ‘ஃப்ளாஷர்’, வெளிச்சம் மட்டும் மின்னும். பிறகு காகிதச் சுருளில கோடு கீறுற மெஷின் வந்தது, அது ‘க்ராஃப்’. காகிதம் போய் எத்தினையோ வருசம், இப்பவும் திரையைப் பாத்து ‘என்ர க்ராஃப்பில மீன் தெரியுது’ எண்டுதான் கதைக்கிறம். 2018-ல கார்மின் லைவ்ஸ்கோப் வந்தது. மீன் நீந்துறதை அப்பிடியே காட்டும். அதோட ‘ஸ்கோப்பிங்’ எண்ட சொல் வந்திட்டுது, கூடவே ‘ஸ்கோப்பர்’ எண்ட வசவும். துறையில ஒரு கிழவர் என்னைப் பாத்து “வீடியோ கேம் முடிஞ்சுதோ?” எண்டு கேட்டார். நான் ஸ்கோப்பர்தான், எனக்கு வெட்கமில்லை.

ஸ்டாக்டன்

அண்ணே, உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் போட்டி நடத்துகிற மேஜர் லீக் ஃபிஷிங்கே 2025-ல் தன் பாஸ் ப்ரோ டூரில் ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அந்த மெஷினை அனுமதித்தது. சும்மாவா கட்டுப்படுத்துவார்கள்? அன்றைக்கு எங்கள் டீ தாமஸின் நீளக் கோலுக்கு வந்த அதே சண்டை. என்ன, இந்தத் தடவை நான் எதிர்க் கட்சி.

டொராண்டோ

தம்பி, அப்ப டீ தாமஸ் உங்களுக்கு நியாயம், நான் மட்டும் அநியாயமோ? நல்ல கதை.

ஹண்ட்ஸ்வில், அலபாமா

இங்கே எல்லாரும் அண்ணன் தம்பிகளாக இருக்கிறீர்கள், நான் ஒரு அம்மா. மீன் பிடிக்கத் தெரியாது. மகன் ஹைஸ்கூல் ஃபிஷிங் டீமில் இருப்பதால் மீனை எடைபோடும் வெயிட்-இன் மேடைக்கு முன்னால் நின்று நின்றே இந்தப் பாஷை எனக்குப் பழகிவிட்டது.

கண்டர்ஸ்வில் ஏரியில் போட்டி. மைக் பிடித்திருந்த பெரியவர் ஒரு ஜோடியின் மொத்த எடையைப் பார்த்துவிட்டு “வாட் எ ஸ்ட்ரிங்கர்!” என்றார். பக்கத்தில் நின்ற பையன்கள் முழித்தார்கள். அவர்கள் ‘பேக்’ என்பார்கள், மீறினால் ‘சாக்’. ஸ்ட்ரிங்கர் என்பது பிடித்த மீன்களைச் செவுள் வழியாகக் கோத்துக் கட்டுகிற கயிறு என்று ஒரு அப்பா விளக்கினார். பாஸ்மாஸ்டர் போட்டிகளைத் தொடங்கிய ரே ஸ்காட் 1972-ல் மீனைக் கொல்லாமல் திருப்பி விடச் சொல்லி இயக்கம் தொடங்கிய பிறகு படகுக்குள் மீனை உயிரோடு வைக்கும் லைவ்வெல் தொட்டி கட்டாயமாகிவிட்டது. போட்டிகளில் கயிற்றுக்கு வேலையே இல்லை. ஆனாலும் மைக்கில் அந்தச் சொல் ஓடுகிறது. பையன்களுக்கு ‘கிக்கர்’ தெரியும், பையின் எடையைத் தூக்கிவிடுகிற ஒரு பெரிய மீன். ‘டிங்க்’ தெரியும், எடைக்கு உதவாத பொடி. ‘கல்’ பண்ணுவது தெரியும், சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை வைப்பது. என் மகன் இப்போது அலமாரியில் சட்டைகளைக்கூடக் கல் பண்ணுகிறான்.

எங்கள் ஏரி கொடுத்த சொல்லும் ஒன்று இருக்கிறது. 2011 அக்டோபரில் பால் இலையஸ் என்பவர் கண்டர்ஸ்வில் போட்டியில் ஜெயித்தது ஒரே கம்பியில் ஐந்து இரை தொங்கும் ‘அலபாமா ரிக்’ வைத்து. செய்தவர் பக்கத்து மஸ்ல் ஷோல்ஸ்காரர், ஆண்டி பாஸ். கடலில் ஸ்ட்ரைப்பர் மீன் பிடிக்க அதே மாதிரி ‘அம்ப்ரெல்லா ரிக்’ ரொம்ப காலமாக இருந்ததாம். பையன்களுக்கு இரண்டு பெயரும் நீளம், ‘ஏ-ரிக்’ என்று முடித்துவிட்டார்கள்.

ஒரு உதவி வேண்டும். இந்தப் பள்ளிப் போட்டிகளில் படகை ஓட்டப் பெரியவர் ஒருவர் வேண்டும், அவருக்குப் பெயர் ‘போட் கேப்டன்’. அவர் தூண்டிலைத் தொடக்கூடாது. வழக்கமாக வருகிற அப்பாவுக்கு முதுகுவலி. ஹண்ட்ஸ்வில், டிகேட்டர் பக்கம் படகு வைத்திருக்கிற தமிழ்க்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும். இட்லி நான் கட்டித் தருகிறேன்.