இரண்டு ஜிபி ராம், மூன்று பழைய கணினி: எந்த டெஸ்க்டாப் போடலாம்?

கோரையாறு:
வணக்கம். மன்னார்குடி பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கோர் 2 டுவோ கணினி இரண்டு, தங்கைக்குப் பள்ளியில் கிடைத்த இலவச மடிக்கணினி ஒன்று. மூன்றிலும் ராம் 2 ஜிபிதான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. 11 இதில் ஏறாது. அதனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13 போடுவது என்று முடிவு செய்துவிட்டேன், அதில் மாற்றமில்லை.

சம்பா காப்பீட்டு நேரத்தில் காலை எட்டு மணிக்கே சிட்டா, அடங்கல், பாஸ்புக்கோடு பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். கணினி முழித்துக்கொண்டு நின்றால் திட்டு எனக்குத்தான். அதன்மேல் திரை, மெனு எல்லாம் காட்டும் டெஸ்க்டாப் எது போடலாம், எக்ஸ்எஃப்சிஇயா, எல்எக்ஸ்க்யூடியா? இரண்டையும் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். இரண்டுமே நன்றாக இருக்கின்றன. அதுதான் குழப்பம்.

வடவாறு:
எல்எக்ஸ்க்யூடி, யோசிக்கவே வேண்டாம். 2006-ல் தைவான்காரர் ஒருவர் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ என்ற டெஸ்க்டாப்தான் இதன் மூலம். பட்டன், சாளரம் எல்லாம் வரைய உதவும் ஜிடிகே 3 கனமாகிவிட்டது என்று அவரே அதே வேலை செய்யும் க்யூடிக்கு மாறினார், ரேசர்-க்யூடி என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் குழுவும் வந்து சேர்ந்துகொண்டது. லுபுண்டு என்ற லினக்ஸ் 2018-லேயே இதற்கு வந்துவிட்டது. தஞ்சாவூரில் என் மாமா கடையில் இதேபோல 2 ஜிபி கணினியில் போட்டுக் கொடுத்தேன். உள்ளே நுழைந்ததும் ராம் செலவைக் காட்டும் ஃப்ரீ கட்டளை கொடுத்துப் பார்த்தால், எக்ஸ்எஃப்சிஇயைவிட நூறு எம்பிக்கு மேல் மிச்சம்.

குடந்தை வெற்றிலை:
நூறு எம்பி மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள் தம்பி? பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் அதையும் சேர்த்து விழுங்கிவிடும்.

எக்ஸ்எஃப்சிஇ 1996-ல் பிறந்தது. இப்போது 4.20. நான்காம் வரிசை 2003-லிருந்து ஓடுகிறது. அன்றைக்குக் கற்றுக்கொண்டவன் இன்றைக்கு உட்கார்ந்தாலும் தேட வேண்டியதில்லை. கடைக்கு அதுதான் முக்கியம்.

வடவாறு:
4.12 வந்தது 2015, 4.14 வந்தது 2019. நடுவில் நாலரை வருடம். இதற்குப் பெயர் நிலைத்தன்மை இல்லை அண்ணே, தூக்கம்.

குடந்தை வெற்றிலை:
தூங்கட்டும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பட்டன் இடம் மாறினால் கடைக்காரன் தூங்க முடியாது.

உப்புக்காற்று:
தோழர்களே, வேதாரண்யத்திலிருந்து. நீங்கள் இருவரும் சொல்வது எதுவும் எனக்கு லேசாகத் தெரியவில்லை. ஆன்டிஎக்ஸ் போடுங்கள். டெபியனை வைத்துச் செய்ததுதான், முழு டெஸ்க்டாப் இல்லாமல் சாளரங்களை மட்டும் கவனிக்கும் ஐஸ்டபிள்யூஎம் சாளர மேலாளரோடு வரும், கணினி ஏறும்போது சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி கிடையாது. 2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரில் அரைகுறையாகச் சார்ஜ் ஏற்றிய மடிக்கணினியில் நிவாரணப் பட்டியலை நான் அடித்தது ஐஸ்டபிள்யூஎம்மில்தான். இன்னொரு விஷயம்: 32 பிட் கணினி வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், டெபியன் 13-ல் அதற்கு நிறுவி கிடையாது. கோரையாறு தோழருக்கு அந்தக் கவலை இல்லை, கோர் 2 டுவோ 64 பிட்தான்.

குடந்தை வெற்றிலை:
தோழர், உங்களுக்குச் சரி. பென்டிரைவ் செருகினால் சத்தமில்லாமல் இருக்கும் திரையைப் பார்த்து, பிளஸ் டூ முடித்த பிள்ளை என்ன செய்யும்? வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைத் திறக்கவே நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

உப்புக்காற்று:
செருகியதும் தெரிகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர வேலை.

குடந்தை வெற்றிலை:
அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு முப்பது ஜெராக்ஸ்.

தட்டச்சு அக்கா:
ராம் கணக்கை விடுங்கள். கடையில் தமிழ் யார் அடிக்கிறார்கள், எந்த முறையில் அடிக்கிறார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

திருவாரூரில் நீதிமன்றத்துக்கு அருகில் இருபது வருடமாக இதே தொழில். நான் மெஷினில் கற்றவள். தமிழ் 99 நல்ல முறைதான், ஆனால் என் கைக்கு வராது. தமிழ் அடிக்க உதவும் ஐபஸோடு, தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பைப் போட்டால் பழைய தட்டச்சு முறையும் கிடைக்கிறது, அதுவரை நிம்மதி. எல்எக்ஸ்க்யூடியில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. லிப்ரெஆபீசில் தமிழ் விழுந்தது, கூடவே வரும் ஃபெதர்பேட் என்ற சின்ன எடிட்டரில் விழவில்லை. எதிரில் ஒரு பெரியவர் வாரிசுச் சான்றிதழுக்கு உட்கார்ந்திருக்கிறார், நான் அடிக்க அடிக்க திரையில் ஆங்கிலக் குப்பை. அப்புறம்தான் தெரிந்தது, க்யூடி நிரல்களுக்கு உள்ளீட்டு முறை எது என்று தனியாகச் சொல்ல வேண்டுமாம். அதை அமைக்கும் ஐஎம்-கான்ஃபிக் ஓட்டி, ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்ளே போனதும் சரியாகிவிட்டது. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் தெரியாதவருக்கு அரை நாள்.

வடவாறு:
அக்கா சொல்வது உண்மை, அது எல்எக்ஸ்க்யூடியின் குற்றம் மட்டும் இல்லை. எக்ஸ்எஃப்சிஇயில் போட்டாலும் க்யூடி நிரல் ஒன்றைத் திறந்தால் இதே கதை வரலாம்.

சரி, எக்ஸ்எஃப்சிஇக்காரரிடம் ஒரு கேள்வி. எங்கள் தெருவில் மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் போய் வந்ததும் எக்ஸ்எஃப்சிஇ ஏறியது, மெனு இருக்கும் பட்டையான பேனல் இல்லை. வெறும் படமும் மவுஸ் அம்பும். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

குடந்தை வெற்றிலை:
சேமித்து வைத்த அமர்வு, அதாவது போன முறை என்னென்ன திறந்திருந்தது என்ற குறிப்பு, கெட்டிருக்கும். வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கேஷ் அடைவுக்குள் செஷன்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை அழித்துவிட்டு மறுபடி நுழைந்தால் பேனல் வந்துவிடும். முன்கூட்டியே செய்ய வேண்டியது, வெளியேறும்போது அமர்வைச் சேமிக்கும் டிக்கை எடுத்துவிடுவது. எனக்கும் ஒருமுறை வந்ததுதான், மறைக்கவில்லை. அப்படியே பேனலைப் பூட்டியும் வைத்துவிடுங்கள். வாடிக்கையாளரோடு வரும் வாண்டு வலது பட்டனை அமுக்கி மெனுவையே தூக்கிவிடும்.

வெண்ணாற்றுக்காரன்:
மேட்டூரில் தண்ணீர் இல்லாதபோது மதகை எந்தக் கொத்தனார் கட்டினார் என்று சண்டை போடுகிறோம். டெஸ்க்டாப் எதுவானாலும் 2 ஜிபியில் காப்பீட்டுப் பக்கமும் மின்னஞ்சலும் பிடிஎஃப்பும் ஒன்றாகத் திறந்தால் ராம் நிரம்பி, மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும் ஸ்வாப்புக்கு ஓடும். விளக்கு அணையாமல் எரியும், நீங்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பீர்கள். பழைய ராம் ஒன்று வாங்கி 4 ஜிபி ஆக்குங்கள், சின்ன எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். காசு இல்லையென்றால் இசட்ராமாவது போடுங்கள், ராமுக்குள்ளேயே சுருக்கி அடுக்கிக்கொள்ளும். கொஞ்சம் பிராசசர் வேலை கூடும், ஆனால் டிஸ்க்குக்கு ஓடுவதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம், பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா?

கோரையாறு:
திறக்கவில்லை. ஏன்?

வெண்ணாற்றுக்காரன்:
கடை எங்கே இருக்கிறது?

கோரையாறு:
கொள்முதல் நிலையத்துக்கு எதிரில்.

வெண்ணாற்றுக்காரன்:
திறங்கள்.

கோரையாறு:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், கடையில் கூட்டம்.

திறந்தேன். பிராசசர் மேல் இருக்கும் விசிறிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் நெல் தூசு கம்பளி மாதிரி ஒட்டிக் கிடந்தது, விரலால் உரித்தால் ஒரே ஏடாக வந்தது. உள்ளே இரண்டு மூன்று பதர்கூட இருந்தது. சூடு ஏறி ஏறித் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. வண்டிக்குக் காற்று அடிக்கும் கடையில் கெஞ்சி ஊதிக்கொண்டு வந்தேன். ராம் ஒரு கணினிக்குத்தான் கிடைத்தது. இன்னொன்றில் இசட்ராம். இரண்டுக்கும் எஸ்எஸ்டி போட்டாயிற்று.

கடைக் கணினி இரண்டிலும் எக்ஸ்எஃப்சிஇ. ராம் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு இல்லை. தங்கையை எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி இரண்டிலும் உட்கார வைத்தேன், எக்ஸ்எஃப்சிஇயில் ஒன்றும் கேட்காமல் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆன்டிஎக்ஸும் பார்த்தேன் தோழர், வேகம் பிரமாதம், ஆனால் கடையில் நான் இல்லாத நேரம்தான் அதிகம். மடிக்கணினியில் எல்எக்ஸ்க்யூடி, வீட்டுக்கு. அக்கா சொன்ன ஐஎம்-கான்ஃபிக் முதல் நாளே போட்டுவிட்டேன்.

வடவாறு:
மடிக்கணினியில் எல்எக்ஸ்க்யூடி என்று எழுதியதை எல்லோரும் கவனிக்கவும்.

குடந்தை வெற்றிலை:
சம்பாதிக்கிற கணினி இரண்டும் எங்கள் பக்கம். படம் பார்க்கிறது உங்கள் பக்கம். வாழ்த்துகள் தம்பி.

தட்டச்சு அக்கா:
கோரையாறு தம்பி, பிரிண்டரில் தமிழ் ஒழுங்காக வருகிறதா?

கோரையாறு:
வருகிறது அக்கா. வியாழக்கிழமை அந்த அமர்வு டிக்கை எடுத்தேன், வெள்ளிக்கிழமை காலை ஆறு பேர் வரிசையில் இருக்கும்போது கரண்ட் போனது. வந்ததும் பேனல் இருந்தது. அடித்துக்கொண்டிருந்த விண்ணப்பம்தான் போய்விட்டது.