துவாஸ் சைட்டில் மணல்மேல் முட்டைகள்: எடுத்து ஓரமாக வைக்கலாமா?

மணல்மேடு கேட்டது:
சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கடலைத் தூர்த்த நிலத்தில் சேஃப்டி சூப்பர்வைசர் வேலை. கொஞ்ச நாளாக ஒரு சின்ன வெள்ளைப் பறவை தலைக்கு மேலேயே வந்து கத்துகிறது. மஞ்சள் அலகு, நுனி மட்டும் கறுப்பு. எக்ஸ்கவேட்டர் ஓட்டும் தம்பி நேற்று காட்டினான்: வெறும் மணலில் ரெண்டு முட்டை, கூடு கீடு ஒன்றும் இல்லை. லாரித் தடத்துக்குப் பக்கத்திலேயே. எடுத்து ஓரமாக வைக்கலாமா?

கரையோர அக்கா:
தொடாதீர்கள் தம்பி. அது சிறு ஆலா. மணலை லேசாகக் கீறி முட்டை வைக்கும், அவ்வளவுதான் அதன் கூடு. இடம் மாற்றினால் கைவிட்டுவிடக்கூடும். பக்கத்தில் நின்று படமும் எடுக்க வேண்டாம். இந்த வெயிலில் தாய் எழுந்து போனால் முட்டை வெந்துவிடும். கடலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும், பார்த்திருக்கிறேன்.

முதலில் தேசியப் பூங்காக் கழகத்துக்குப் போன் போடுங்கள். அப்புறம் நன்றாகத் தள்ளி கோன் வைத்து, லாரியைச் சுற்றிப் போகச் சொல்லுங்கள். பொரிக்க மூன்று வாரம் ஆகும். குஞ்சு பறக்க இன்னும் மூன்று வாரம். அதுவரை டயர் பள்ளத்தில்தான் பதுங்கும், மணல் நிறம் என்பதால் டிரைவர் கண்ணில் படாது. சாப்பாட்டுப் பொட்டலத்தை அங்கே போடவே கூடாது, காக்கா வந்துவிடும்.

ஜூரோங்வாசி:
சரி, எப்படியும் அங்கே கட்டடம் வரத்தானே போகிறது? ரெண்டு முட்டைக்கு இவ்வளவு பாடா?

கரையோர அக்கா:
வேலையை நிறுத்தச் சொல்லவில்லையே, லாரி கொஞ்சம் வளைந்து போனால் போதும். உலக அளவில் இதற்கு ஆபத்தில்லை, ஆனால் இங்கே முட்டையிட மணல் இல்லை. இருந்த கடற்கரையில் நாம் பார்பெக்யூ போடுகிறோம். தூர்த்த நிலத்திலும் புல் முளைத்தால் போய்விடும். ஒரு மூலையில் புல்லை மட்டும் செதுக்கி வைத்தாலே வரும் என்பது என் எண்ணம். அழிந்தேவிட்டது என்று நினைத்த இன்னொரு வகை, சீனக் கொண்டை ஆலா, 2000இல் தைவானின் மாட்சு தீவுகளில் தென்பட்டது. 2013இல் அதை வரவழைக்க சீனாவின் தியெதுன் தீவில் பொம்மை ஆலாக்களை நிறுத்தி, ஆலாக் குரலையும் ஒலிக்கவிட்டார்கள். அது வந்து குஞ்சு பொரித்தது.

மணல்மேடு:
நன்றி அக்கா. பாஸ் கோனுக்குச் சரி சொல்லிவிட்டார். நிழலுக்குப் பலகை ஒன்று சாய்த்து வைக்கட்டுமா?

கரையோர அக்கா:
கழகத்திலிருந்து ஆள் வந்து பார்க்கட்டும். அதுவரை கோனுக்கு உள்ளே யாரும் போக வேண்டாம், நீங்களும்தான்.