ஸ்டார்ட் ஆகாத ஆட்டோமேட்டிக் காரை சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு எப்படிக் கொண்டுபோவது?

கோட்டாறுக்காரன்:

வணக்கம். கார் 2017 ஹோண்டா சிட்டி பெட்ரோல், சிவிடி (பல்சக்கரத்துக்குப் பதில் புல்லியும் பெல்ட்டும் உள்ள) ஆட்டோமேட்டிக். பள்ளிக்கரணையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போய்விட்டதால் ஹெட்டைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், இன்னும் பூட்டவில்லை. மீதி வேலையை நாகர்கோவிலில் தெரிந்த மெக்கானிக்கிடம் பார்ப்பதாக முடிவு. தூரம் சுமார் 700 கி.மீ.

பொலேரோவில் இரும்பு பார் போட்டு இழுத்துப் போகலாம் என்கிறார் ஒருவர், அதுதான் மலிவு. முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டிக்குக் கொஞ்சம் கூட. ஃபிளாட்பெட், அதாவது முழுக் காரையும் மேலே ஏற்றிப் போகும் தட்டையான லாரி, எல்லாவற்றையும்விட அதிகம். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள் மூடிய கன்டெய்னரில் மற்ற கார்களோடு ஏற்றி அனுப்புவார்களாம், ஃபிளாட்பெட்டைவிடக் குறைவு, ஆனால் ஒரு வாரம் ஆகும். அவசரம் ஒன்றும் இல்லை. கியர் பாக்ஸுக்கு எதுவும் ஆகக் கூடாது. எதை எடுக்கலாம்?

கியர்பாக்ஸ்_மதுரை:

பார் போட்டு இழுக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். சிவிடியில் ஆயில் பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் ஓடாமல் முன்சக்கரம் உருண்டால் உள்ளே புல்லியும் ஸ்டீல் பெல்ட்டும் சுற்றும், ஆனால் ஆயில் அழுத்தம் இருக்காது. லீவரை நியூட்ரலில் போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் நியூட்ரல் துண்டிப்பது இன்ஜின் பக்கத்தை, சக்கரத்தின் பக்கத்தை அல்ல. புல்லியின் முகத்தில் கோடு விழுந்துவிட்டால் கியர் பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவுக்கு முன்னால் ஹெட் வேலை ஒன்றுமே இல்லை.

இழுபடும் காரில் உட்காருகிறவர் நிலைமையையும் யோசியுங்கள். இன்ஜின் ஓடாததால் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வாக்யூம் கிடையாது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது. சட்டமும் இடம் தராது: பழுதான வண்டியை இழுக்கும்போது வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்குள், பின்னால் ‘ஆன் டோ’ (இழுத்துச் செல்லப்படுகிறது) பலகை. அந்த வேகத்தில் நாகர்கோவில் போக நிற்காமல் ஓட்டினாலே 28 மணி நேரம். கயிறும் பாரும் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும்தான்.

உங்கள் கார் ஃப்ரண்ட் வீல் டிரைவ். அதனால் முன்சக்கரத்தைத் தூக்கினால் கியர் பாக்ஸ் சுற்றாது, அந்த வகையில் அது தப்பில்லை.

ரெக்கவரி_திண்டிவனம்:

மதுரை அண்ணன் சொன்னது கியர் பாக்ஸ் கணக்கில் சரி. ஆனால் 700 கி.மீ.க்கு அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்சக்கரம் அத்தனை தூரமும் ரோட்டில் உருண்டாக வேண்டும். பின்னால் பஞ்சர் ஆனால் முன்னால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. டயர் கிழிந்து ரிம் தரையில் உரசிப் பொறி பறந்த பிறகுதான் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துச் சொல்வார். நாள்பட நின்ற காரில் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகி டிரம் முழுதாக விடாமல் இருக்கும். ஒர்க்‌ஷாப்புக்குள் தள்ளும்போது அது தெரியாது, நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்தில் டிரம் கொதிக்கும். முன்பக்கம் தூக்கினால் காரின் வால் இறங்கிவிடும், ஸ்பீட் பிரேக்கரில் பின் பம்பரும் சைலன்சரும் இடிக்கும். 30, 40 கி.மீ.க்கு எடுக்கலாம், மாவட்டம் தாண்டுவதற்கு வேண்டாம்.

மூடிய கன்டெய்னர் நல்ல வழி, ஆனால் ஓடும் காருக்கு. அதில் காரை ஓட்டித்தான் ஏற்றுவார்கள். நடுவழியில் வேறு காரை இறக்க உங்கள் காரை நகர்த்த வேண்டி வந்தால், ஸ்டார்ட் ஆகாத காரை நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள், எங்கே கை வைப்பார்கள் என்று சொல்ல முடியாது. ‘கார் ஸ்டார்ட் ஆகாது, ஹெட் கழற்றியிருக்கிறது’ என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள், மீதிப் பேர் ரேட்டைக் கூட்டுவார்கள்.

ஆக, தனி ஃபிளாட்பெட்தான். தெற்கிலிருந்து சென்னைக்குக் கார் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி கிடைத்தால் வாடகை நன்றாகக் குறையும். உங்களுக்கு அவசரம் இல்லை என்பதால் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து வண்டிக்காரர்களிடமே ‘அடுத்து எப்போது சென்னை வருகிறீர்கள்’ என்று கேட்டு வையுங்கள்.

ஒரு கேள்வி. ஹெட்டோடு வேறு என்னென்ன கழற்றியிருக்கிறார்கள்? இன்ஜினுக்குக் கீழே ஜாக் நிற்கிறதா?

கோட்டாறுக்காரன்:

விசாரித்தேன் அண்ணே. டைமிங் செயின் கவரும் கழற்றியிருக்கிறார்கள். இன்ஜினுக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக் நிற்கிறது. ஏக்ஸில் இரண்டும் அப்படியே இருக்கிறது.

ரெக்கவரி_திண்டிவனம்:

அப்படியென்றால் காரை இன்னும் நகர்த்த வேண்டாம். செயின் கவரைக் கழற்ற இன்ஜினைப் பாடியோடு பிடித்து வைக்கும் அந்தப் பக்கத்து மவுண்ட்டையும் எடுத்திருப்பார்கள், இன்ஜினின் ஒரு பக்கத்தை இப்போது அந்த ஜாக்தான் தாங்குகிறது. ஜாக்கை எடுத்தால் இன்ஜின் சரிந்து ஏக்ஸில் ஜாயின்ட், ஹோஸ், வயரிங் எல்லாவற்றையும் இழுக்கும். செயின் கவரைத் தற்காலிகமாகவாவது உட்கார வைத்து, மவுண்ட்டைப் பூட்டி, போல்ட்டை முழு டார்க்கில் (குறிப்பிட்ட முறுக்கு அளவில்) இறுக்கித் தரச் சொல்லுங்கள். ஃபிளாட்பெட்டில் ஏற்றும் சாய்விலும் வழியில் விழும் குழியிலும் அதுதான் தாங்க வேண்டும்.

ஏக்ஸில் இருப்பது நல்லது. யாராவது ‘இறக்கிவிட்டு அனுப்புகிறோம்’ என்றால் விடாதீர்கள். ஏக்ஸில் நட் இறுக்கிப் பிடிக்காமல் சக்கரத்தில் எடை விழுந்தால் முன் வீல் பேரிங் பிரிந்துவிடும்.

சிலிண்டர் வாய் நாலும் இப்போது திறந்திருக்கும். சிலிண்டர் சுவரில் இன்ஜின் ஆயில் தடவி, மேலே தடித்த பாலித்தீன் விரித்து, ஓரம் முழுக்க டேப் ஒட்டச் சொல்லுங்கள். துணியைத் திணிக்க விடாதீர்கள், நூல் உள்ளே போகும். ஆயில், கூலன்ட் வழிகளையும் அதேபோல அடைக்க வேண்டும். ஹெட்டை டிக்கியில் உருள விடாமல் மரப்பெட்டியிலோ தடித்த அட்டைப்பெட்டியிலோ போட்டு, கேஸ்கெட் உட்காரும் முகம் எதிலும் உரசாதபடி அனுப்புங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி கவரில் போட்டுப் பெயர் எழுதி வாங்குங்கள். நாகர்கோவில் மெக்கானிக் கழற்றினவர் இல்லை, பூட்டப் போகிறவர். எந்த போல்ட் எங்கே என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

பாலிசி_படிப்பவர்:

காப்பீட்டுப் பக்கம். முழுக் காப்பீடு இருந்தால் சொந்தச் சேதப் பிரிவில் சாலை, ரயில் வழியாகக் காரைக் கொண்டுபோகும்போது நேரும் சேதத்துக்கும் கவர் உண்டு. தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் இல்லை. இன்ஜின் பழுது மெக்கானிக்கல் கோளாறு, அதற்கு க்ளெய்ம் கிடைக்காது. அதனால் இழுத்துப் போகும் வாடகையும் கிடைக்காது. விபத்தானால் மட்டும் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகப் பாலிசியில் ரூ. 1,500 வரை என்று இருக்கும். ரோட்சைட் அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் எத்தனை கி.மீ. வரை இலவசம் என்று பாருங்கள். அதுவும் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் என்றுதான் எழுதியிருக்கும், ஊர் மாற்றுவதற்கு அல்ல.

வண்டிக்காரரிடம் சரக்கு ரசீது வாங்குங்கள். அதில் காரின் மதிப்பு, ‘இன்ஜின் ஹெட் கழற்றிய நிலையில்’ என்ற குறிப்பு, யார் எங்கே எப்போது ஒப்படைப்பது எல்லாம் இருக்கட்டும். ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ (சேதமானால் பொறுப்பு கார்க்காரருக்கு) என்று அச்சடித்திருந்தால் கையெழுத்துக்கு முன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வாடகை பேசும்போது டோல், ஏற்று இறக்குக் கூலி, காத்திருப்புப் பணம், திரும்பும் தூரம் எல்லாம் உள்ளடங்கியதா என்று ஒரே மெசேஜில் எழுதி வாங்குங்கள். பாதித் தகராறு டோலில்தான் வருகிறது.

கியர்பாக்ஸ்_மதுரை:

ஏற்றும் நாளில் நீங்களே நின்று பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன.

முன் பம்பரில் சின்ன மூடி ஒன்று இருக்கும், அதைக் கழற்றி டூல் கிட்டில் உள்ள டோ ஹூக்கைத் திருகி, வீல் ஸ்பேனரால் கடைசிவரை இறுக்குங்கள். அரைகுறையாக நின்றால், லாரியில் காரை ஏற்றும் வின்ச் இழுக்கும்போது மரை பிய்ந்துவிடும். (ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வைத்திருப்பவர்களுக்கு: அதில் மரை இடப்பக்கமாகத் திரும்பும்.) வின்ச் கேபிள் நேராக இழுக்கும்படி வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். சிட்டியின் முன் பம்பர் தாழ்வு, பெட்டின் விளிம்பில் இடிக்கும் போலிருந்தால் முன்சக்கரத்துக்கு முன்னால் பலகை போட்டு ஏற்ற வேண்டும்.

கட்டுவதுதான் முக்கியம். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ரேச்செட் பெல்ட் (லீவரால் இறுக்கும் பட்டை), 50 மி.மீ. அகலம், டயரின் மேலே சுற்றிப் பெட்டில் கட்ட வேண்டும். லோயர் ஆர்ம், டை ராட், ஏக்ஸில் எதிலும் கொக்கி மாட்டக் கூடாது. பாடியைப் பிடித்துக் கட்டினால் குழியில் சஸ்பென்ஷன் அமுங்கும்போதெல்லாம் பெல்ட் தளரும், மேலே எழும்பும்போது வெட்டி இழுக்கும். சக்கரத்தைக் கட்டினால் கார் தன் ஸ்பிரிங்கிலேயே ஆடிக்கொள்ளும், பெல்ட் அசையாது. கூடவே சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், லீவர் பி-யில் (பார்க்கிங் நிலையில்). பி மட்டும் போதும் என்று விட்டால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சின்னப் பல் ஒன்றுதான் மொத்தக் காரையும் பிடிக்கும்.

புது பெல்ட்கூட முதல் கொஞ்ச தூரத்தில் இளகும். செங்கல்பட்டு தாண்டியதும் ஓரங்கட்டி ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். பிறகு திருச்சியில், மதுரையில்.

தாமிரபரணி_வண்டி:

இதிலேயே ஒரு சந்தேகம். இன்னோவா கிரிஸ்டா மேனுவல், கிளட்ச் போய்விட்டது. திருநெல்வேலியிலிருந்து கோயம்புத்தூர் போக வேண்டும். மேனுவல்தானே, நியூட்ரலில் போட்டு முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகலாமா?

கியர்பாக்ஸ்_மதுரை:

கூடாது சார். கிரிஸ்டாவுக்கு டிரைவ் பின்சக்கரத்தில். முன்பக்கத்தைத் தூக்கினால் பின்சக்கரம், கியர் பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றும், அது கியர் பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்ட்டைச் சுற்றும். ஆயிலை அள்ளி மேலே தெளிக்கும் லே ஷாஃப்ட் மட்டும் நிற்கும். மேல் பேரிங்குகள் காய்ந்து ஓடும். வேறு வழியே இல்லையென்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடலாம். அது பூட்டும் தட்டான ஃபிளாஞ்சில் பெயின்ட் குறி வைத்துக் கழற்றி அதே இடத்தில் பூட்டுங்கள், இல்லாவிட்டால் அதிர்வு வரும். ஆல் வீல் டிரைவும் எலக்ட்ரிக் காரும் என்றால் பேச்சே இல்லை, நாலு சக்கரமும் மேலே. எலக்ட்ரிக்கில் சக்கரம் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி இன்வெர்ட்டருக்கு மின்சாரம் அனுப்பும்.

கோட்டாறுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வள்ளியூர்க்காரர் ஒருவரின் ஃபிளாட்பெட் அடுத்த வாரம் சென்னை வருகிறது, பேசி முடித்துவிட்டேன். மவுண்ட்டைப் பூட்டித் தர ஒர்க்‌ஷாப்பிலும் சம்மதித்தார்கள். பெயின்ட்டைக் காப்பாற்ற கார் கவர் போட்டு அனுப்பலாமா? பேட்டரியைக் கழற்றிவிடலாமா?

ரெக்கவரி_திண்டிவனம்:

கவர் வேண்டவே வேண்டாம். காற்றில் அது படபடவென்று அடித்து, உள்ளே சிக்கும் மணலோடு சேர்ந்து பெயின்ட்டைத் தேய்க்கும். காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழியில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனி, ஆடி என்றால் கேட்கவே வேண்டாம். அங்கே வேகத்தைக் குறைக்க டிரைவரிடம் சொல்லுங்கள். பானட் லாக் சரியாக விழுந்ததா என்று இரண்டுமுறை பாருங்கள்.

பேட்டரியை விட்டு வையுங்கள், நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றினால் போதும். இறக்கும்போது 10 எம்.எம். ஸ்பேனரால் திரும்ப மாட்டி, பிரேக்கை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றலாம். பேட்டரி இறங்கிப்போயிருந்தால் லீவருக்குப் பக்கத்தில் சின்ன மூடி இருக்கும். துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் அதை நெம்பி எடுத்து, உள்ளே சாவியை விட்டு அழுத்திக்கொண்டே லீவரை நகர்த்தினால் பி-யிலிருந்து வரும். இதை இறக்கும் இடத்தில் நிற்கப்போகிறவருக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுங்கள். தெரியாமல் பி-யிலேயே வின்ச்சில் விட்டு இழுத்து டயரைத் தேய்க்கிறவர்கள் உண்டு.

கண்ணாடியில் இருக்கும் உங்கள் ஃபாஸ்டேக்கையும் அலுமினியம் ஃபாயிலால் மூடுங்கள். பெட்டில் உயரத்தில் இருக்கும் காரின் டேக்கை டோல் ரீடர் படித்துவிட்டால் லாரிக்கு ஒரு கட்டணம், உங்கள் கணக்கில் ஒரு கட்டணம் என்று ஊர் வரைக்கும் போகும். டேங்க்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வேண்டாம். சாவி ஒன்று மட்டும் டிரைவரிடம். ஏற்றியதும் காரைச் சுற்றி ஒரு வீடியோ, மீட்டர் ரீடிங் ஒரு போட்டோ. நாகர்கோவிலில் பெல்ட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் அதே வரிசையில் இன்னொரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.