செயின் கழுவியதிலிருந்து டக் டக் சத்தம், உடனே உதவி தேவை

ரப்பர்செருப்பு: நேற்று பைக் செயினைக் கழுவி டைட் வைத்தேன். இப்போது பின்னாலிருந்து டக் டக் என்று சத்தம். நாளை காலை திருவண்ணாமலை போக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவைக்காரன்: என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர், எதை ஊற்றிக் கழுவினீர்கள்?

தொண்ணூறுஆயில்: செயினுக்குக் கெட்டியான 90 கியர் ஆயில் விடுங்கள், அடங்கிவிடும்.

பழையகை: சத்தம் வண்டி உருளும்போதா, ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதா? விட்டுப் பிடிக்கும்போது என்றால் கப்ளிங் ரப்பர்தான், பின்சக்கரத்துக்குள் இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர்சாமி: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். எவ்வளவு பிளே, அதாவது செயின் மேலும் கீழும் ஆடும் அளவு, வேண்டும் என்று மேனுவலில் இருக்கிறது, பல வண்டிகளில் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை. வீணைத் தந்தி மாதிரி இழுத்து வைத்தால் பேரிங்தான் போகும்.

ரப்பர்செருப்பு: 150 சிசி அண்ணா. பெட்ரோல், கம்பி பிரஷ். ஆயில் விட்டுவிட்டேன்.

கோவைக்காரன்: கிலோமீட்டர்?

ஸ்பேனர்சாமி: பெட்ரோலும் கம்பி பிரஷுமா! பிளேட்டுகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். வளையம் போனால் உள்ளே அடைத்த கிரீஸும் போச்சு. மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், துணி. அவ்வளவு போதும்.

மழைவண்டி: ரேஷனிலேயே மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை ஜி. நான் டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்துத் துடைக்கிறேன்.

தொண்ணூறுஆயில்: அதெல்லாம் ஆயிலே இல்லை, ரப்பரைத் தின்றுவிடும்.

மழைவண்டி: தின்னாது. அழுக்கு எடுக்க மட்டும்தான் அது, அதன்மேல் செயின் லூப், மசகு ஸ்பிரே, அடிக்க வேண்டும். உங்கள் 90 ஆயில் பாதி ரிம்மில்தானே தெறிக்கிறது?

தொண்ணூறுஆயில்: துடைக்கத் தெரியாதவர்களுக்குத் தெறிக்கும். உள்பக்கமாக விட்டு, இரவு ஊறவைத்து, காலையில் துடைத்துவிட்டு எடுங்கள். ஸ்பிரே விலைக்கு எத்தனை பாட்டில் ஆயில் வாங்கலாம் தெரியுமா?

கோவைக்காரன்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜின் ஓட, கியரில் போட்டுத் துடைக்கிறவர்களுக்கு விரல் போகும். கீழ்ச் செயினின் நடுவில் தூக்கிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும். நாலைந்து இடங்களில் பாருங்கள். ஒரு இடத்தில் இறுக்கமாகவும் இன்னொரு இடத்தில் தொளதொள என்றும் இருந்தால், நீங்கள் தொளதொள இடத்தில் வைத்து டைட் செய்திருப்பீர்கள். இறுக்கமான இடத்தில்தான் பிளே வைக்க வேண்டும். மடங்கிய கண்ணி நிமிராமல் நின்றாலும் பல்சக்கரத்தின் பல்லில் ஏறும்போது டக் என்னும்.

பழையகை: கப்ளிங் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரப்பர்செருப்பு: ஒரு இடத்தில் ஆடவே இல்லை, எதிர்ப்பக்கம் தொங்குகிறது. இரண்டு கண்ணி நிமிரவில்லை. மெக்கானிக் செட்டாக மாற்றச் சொல்கிறார். செயின் மட்டும் மாற்றினால் போதாதா? பஸ்ஸில் போகிறேன்.

கோவைக்காரன்: பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் புதுச் செயினையும் தின்றுவிடும். முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். 500 கிலோமீட்டரில் பிளேயைத் திரும்பப் பாருங்கள், புதுச் செயின் கொஞ்சம் இளகும்.